ஒத்திகையில் ஒடிந்த கால்

மழை வருகிறது, மண்சரிவு ஒத்திகையை நிறுத்துங்கள் என்று மேஜர் உத்தரவிட்டார்.

ஸ்ட்ரெச்சரில் படுத்திருந்த பாக்கியலெட்சுமிக்குச் சிங்களம் அரைகுறைதான். ஆனால் இது நன்றாகவே விளங்கிவிட்டது.

காலையில் கொழுந்து பறிக்கப் புறப்பட்டவளை இராணுவத்தார்தான் நிறுத்தி வைத்துக்கொண்டார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே மலை சரிந்துவிட்டதாம். அவளுக்குக் கால் ஒடிந்துவிட்டதாம். நல்ல காலுக்குப் பலகை வைத்து, முழங்கால்வரை கட்டுப் போட்டு, அதன்மேல் சிவப்பு மருந்தும் ஊற்றினார்கள். என்ன நடந்தாலும் எழும்பக்கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார்கள்.

லுணுகலைக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டம், தேர்தல் காலத்தில்கூட அவ்வளவு வாகனங்களைக் கண்டதில்லை. கீழே பாதையோர மைதானத்தில் வரிசையாகக் கூடாரங்கள். காப்பாற்ற வந்த ஹெலிகொப்டர் தாழப் பறந்ததில் லயத்துக் கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்து விழுந்தது. அன்றைய ஒரே உண்மையான சேதம் அதுதான்.

எல்லாம் கொழும்பிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவருக்காக. படைச் செலவைக் குறைக்கலாமா என்று ஆராயும் குழுவில் அவர் இருந்தார். யுத்தம் முடிந்து இத்தனை வருடமாகியும் இவ்வளவு பெரிய படை எதற்கு என்று கேட்டுவிட்டாராம். எதற்கு என்று காட்ட ஒரு மலை தேவைப்பட்டது.

மலையும் பொருத்தமான மலைதான். அது சரியும், லயத்தைக் காலி செய்யுங்கள் என்று அதிகாரிகள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். புது வீட்டுக்கு இடமும் காட்டினார்கள். கட்டுவதற்குத்தான் அரசிடம் காசில்லை. மழை பெய்தால் பாக்கியலெட்சுமி குடும்பத்தின் ஒற்றை அறைக் காம்பராச் சுவர் வெடிப்பில் சேற்றுத் தண்ணீர் கசியும். அந்தச் சுவரோரம்தான் அவள் மகள் படுப்பாள்.

சற்று முன்புதான் பெரியவர் குனிந்து அவளிடம் ஏதோ கேட்டிருந்தார். படையினருக்குச் சாப்பாட்டுப் பார்சல் கொண்டுவந்த கடைக்காரர் ஜஸீல்தான் மொழிபெயர்த்தார்.

"படைக்குச் செலவழிக்கிறதக் கொறைக்கலாமான்னு கேக்குறாரு, தங்கச்சி."

அவள் கீழே தெரிந்த கூடாரங்களைப் பார்த்தாள். புதியவை. ஒழுகாதவை.

"ரொம்ப வேணாங்க, ஜஸீல் நானா. அந்தக் கூடாரத்துல கொஞ்சம் கொறைச்சு, இங்கயே விட்டுட்டுப் போகச் சொல்லுங்க."

ஜஸீல் அதை எப்படிச் சொன்னாரோ, பெரியவர் சிரித்தார். மேஜர் சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் தூறல் விழுந்தது.

மழை நேரத்தில் சரிவு அபாயமுள்ள இடத்தில் படையினரை நிறுத்தி வைக்கக்கூடாது என்பது விதி. அவர்களின் உயிர் முக்கியம். சிப்பாய்கள் லொறிகளை நோக்கி நடந்தார்கள். பெரியவருக்குக் குடை பிடித்தார்கள்.

"ஒத்திகை முடிஞ்சுதாம். நீங்கல்லாம் லயத்துக்குப் போகலாமாம்," என்றார் ஜஸீல், யாருடைய முகத்தையும் பார்க்காமல்.

ஒரு சிப்பாய் வந்து கட்டை அவிழ்க்கக் குனிந்தான். பாக்கியலெட்சுமி அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கங்காணியை எதிர்த்துக்கூட அவள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

"எப்படிங்க எழும்புறது? கால் ஒடிஞ்சிருக்கே."

ஜஸீல் ஒரு கணம் அவளையே பார்த்தார். பிறகு பெரியவருக்கும் கேட்கும்படி, சத்தமாகவே மொழிபெயர்த்தார்.

மேஜர் திரும்பி வந்தார். கால் உண்மையில் ஒடியவில்லை என்று பொறுமையாக விளக்கினார். அவள் கண்ணை மூடிக்கொண்டு முனகினாள். காலையில் முனகச் சொன்னபோது வெட்கப்பட்டவள், இப்போது மலைக்கே கேட்கும்படி முனகினாள்.

லயத்து வாசலில் நின்ற அவள் கணவன் கணபதி இதைப் பார்த்தான். உள்ளே போய், மகளைத் தூக்கிக்கொண்டு, இடுப்பைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தான். பின்னால் பக்கத்துக் காம்பராக் கலாராணி தலையில் காயக்கட்டுப்போலத் துணியைக் கட்டிக்கொண்டு வந்தாள். அடுத்து லயமே கிளம்பிவிட்டது. இரண்டு காலும் போய்விட்டது என்று சொன்ன ஒருவர் காஸ் சிலிண்டரைத் தோளில் சுமந்து வந்தார்.

மேஜர் மலையைப் பார்த்தார். குடைக்குள் நின்ற பெரியவரைப் பார்த்தார். முகத்து மழையை வழித்துவிட்டு, ஒத்திகை இன்னும் முடியவில்லை, காயக்காரர்களை ஏற்றுங்கள் என்றார்.

கொட்டும் மழையிலும் ஒரு லயத்தையே காலி செய்து காட்டிய படையைப் பெரியவர் கைதட்டிப் பாராட்டினார். செலவில் எதையும் குறைக்கச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லையாம்.

அந்த வாரமே மண் இறங்கி, லயத்தின் கோடியில் இருந்த காம்பராக்களை மூடியது. உள்ளே யாரும் இருக்கவில்லை. அதனால் பாதிக்கப்பட்டவர்கள் என்று யாரும் இல்லை. அதனால் வீடும் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒத்திகையில் காயப்பட்டவர்களுக்குக் கூடாரம் மட்டும் உண்டு, ஒத்திகை முடியும்வரை.

பாக்கியலெட்சுமி இப்போதும் விடிந்ததும் கட்டை அவிழ்த்து வைத்துவிட்டு, கூடையை மாட்டிக்கொண்டு மலையேறுகிறாள். மாலையில் இறங்கி வந்து படுத்ததும், ஒரு சிப்பாய் வந்து அதை மரியாதையாகத் திரும்பக் கட்டிவிடுகிறான்.

கால் குணமாகிவிடக்கூடாதே என்ற கவலை இரண்டு பேருக்கும் உண்டு.