அடுத்த வீட்டு ஏசி

"பார்த்தேளா? மணி பன்னெண்டுகூட ஆகலை. ஜன்னலைச் சாத்திண்டு ஏசியைப் போட்டாச்சு!"

பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்த மாலதிக்கு வயிறு எரிந்தது. பக்கத்து வீட்டு முத்துமாரி மூன்று நாளைக்கு முன்புதான் வெள்ளை வெளேரென்று ஒரு ஏசி மாட்டியிருந்தாள். அன்றிலிருந்து மாலதிக்குச் சோறு இறங்கவில்லை.

"போட்டா போட்டுக்கட்டுமே," என்றார் அவள் கணவர் சந்திரமௌலி, பேப்பரிலிருந்து தலை நிமிராமல். ஐரோலியில் ஒரு ஃபேக்டரியில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் நிம்மதியாகப் பேப்பர் படிக்க முடியும்.

"நேத்து லிஃப்ட்ல என்ன சொன்னா தெரியுமா? 'குளிரு தாங்கலக்கா, கம்பளி இல்லாம தூங்க முடியல'ங்கறா! செம்பூர்ல, மே மாசத்துல, கம்பளி!" மாலதி கையை விரித்தாள். "அவ இழுக்கற கரண்ட்லதான் நம்மாத்து ஃபேன் சுத்தவே மாட்டேங்கறது. எவ்வளவு இழுக்கறான்னு அளந்து சொல்லுங்கோ. நம்ம பில்டிங் சொசைட்டி செக்ரெட்டரிகிட்ட எழுதிக் கொடுக்கறேன்."

"லைன் தாங்கும்டி."

"அளப்பேளா, மாட்டேளா?"

சந்திரமௌலி பெருமூச்சு விட்டுக்கொண்டு மீட்டரை எடுத்தார். ஒயரை வெட்டாமல், நண்டுக்கொடுக்கு மாதிரி கவ்விப் பிடித்தே கரண்டை அளக்கும் மீட்டர். இருவரும் கீழே மீட்டர் ரூமுக்குப் போனார்கள். அங்கே ஒவ்வொரு வீட்டு ஏசிக்கும் கீஸருக்கும் தனித்தனி ஒயர்.

"வோல்டேஜ் இருநூத்து முப்பது. இந்த சைஸ் ஏசி ஏழு ஆம்பியராவது இழுக்கும். ரெண்டையும் பெருக்கினா ஆயிரத்து அறுநூத்துப் பத்து வாட். பெரிய விஷயமே இல்லை," என்றபடி முத்துமாரி வீட்டு ஒயரைக் கவ்வினார்.

மீட்டரில் பூஜ்யம்.

"உங்க மீட்டர் கெட்டுப்போச்சு!"

"இரு. மாடி வீட்டு பத்ரி சார் இப்பத்தான் குளிக்கக் கிளம்பினார்." பத்ரி வீட்டு கீஸர் ஒயரைக் கவ்வினார். "பத்து ஆம்பியர். வோல்டேஜை இதால வகுத்தா ரெசிஸ்டென்ஸ் இருபத்து மூணு ஓம். பெருக்கினா ரெண்டாயிரத்து முந்நூறு வாட். கீஸருக்குச் சரியான கணக்கு. மீட்டர் நன்னாத்தான் இருக்கு."

மறுபடி முத்துமாரி வீட்டு ஒயர். பத்து நிமிஷம் காத்திருந்தும் பூஜ்யம் அசையவில்லை.

"கரண்டே போகலைன்னா பவர் எங்கேருந்து வரும்? உள்ளே ஒண்ணுமே ஓடலை மாலதி. வெறும் டப்பா. ஊர் பார்க்க மாட்டியிருக்கா."

மாலதியின் முகம் மூன்று நாளைக்கு அப்புறம் மலர்ந்தது. "கம்பளியாம் கம்பளி! வாங்கோ, செக்ரெட்டரியைக் கூட்டிண்டு வரலாம். எல்லார் முன்னாடியும் அளந்து காட்டுங்கோ. அவ மானம் கப்பலேறட்டும்!"

சந்திரமௌலி பக்கத்து ஒயரைக் கவ்வினார். அங்கேயும் பூஜ்யம்.

"ஐயோ, இன்னொரு டப்பாவா! இது யாராத்து ஏசி?" மாலதி ஆவலோடு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"நம்மாத்துதுதான். பொண்ணைப் பார்க்க மாப்பிள்ளையாத்துக்காரா வரான்னு, போன தீபாவளிக்குப் பழைய சாமான் கடையிலேருந்து ஓடாத ஏசியை வாங்கி மாட்டச் சொன்னியே."