சந்தேகம் கேட்க ஓர் ஆள்

செண்பகவல்லி வருடக்கணக்காகப் பார்த்துவந்த ஸ்டாக் கணக்கு வேலையை கம்பெனி சாஃப்ட்வேர் தானே பார்க்க ஆரம்பித்தது. சரி, அந்த சாஃப்ட்வேரையே மற்றவர்களுக்குச் சொல்லித்தரும் டிரெய்னர் ஆகிவிடலாம் என்று அவள் கிளம்பினாள். அதில் வேலை பார்க்கும் ஒருவருக்காவது சந்தேகம் தீர்த்துவைத்தால்தான் டிரெய்னர் சான்றிதழ்.

"இந்த சாஃப்ட்வேர்ல தினமும் வேலை பாக்குறவங்க கையத் தூக்குங்க," என்றாள் முதல் வகுப்பில்.

ஒரு கையும் எழவில்லை.

"நாங்களும் டிரெய்னர் ஆகத்தான் மேடம் வந்திருக்கோம்," என்றார் முன்வரிசை கோமதிநாயகம். "வேலையெல்லாம் அதுவே பாத்துக்குதே!"

அவளுக்குச் சுறுசுறுவென்று ஏறியது. "அப்ப நான் யாருக்குப் பாடம் எடுக்குறது, செவுத்துக்கா?"

சுவரிலிருந்த திரை ஒளிர்ந்தது. "நான் தினமும் வேலை பாக்குறேன் மேடம்," என்றது சாஃப்ட்வேர். "எனக்கு ஒரு டவுட்."

பிளக்கைப் பிடுங்கக் கை துடித்தது. சான்றிதழ் இல்லாமல் எந்த முகத்தோடு வீட்டுக்குப் போவது?

"கேட்டுத் தொலை," என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு.