நாய்க்கு ஒரு கதை

இப்போதெல்லாம் யாருக்காவது வேலை ஓடவில்லை என்றால் தலைநகர் பிஷ்கெக்குக்குப் பயிற்சிக்கு அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வருகிறவர்களுக்கு முன்பு தெரிந்ததும் மறந்துபோகிறது.

எசென்குல் கிழவர் இதை வாய்விட்டே சொன்னார், நூலக வாசலில் நாயைப் பிடித்துக்கொண்டு நின்றபடி.

குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் புருலாய் சிரித்தாள். ஒரு பிள்ளையும் வருவதில்லை, பூட்டிவிட்டுச் சந்தையில் காலுறை விற்கப் போகிறேன் என்று புலம்பிக்கொண்டிருந்தவள்தான். பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து முகத்தில் ஒரு வெளிச்சம்.

நாய்க்குக் கதை படித்துக் காட்டினால் பேசாத பிள்ளையும் பேசுமாம். நாய் திருத்தாது, சிரிக்காது, அதனாலாம்.

எந்த வீட்டில் நாய் வாசற்படியைத் தாண்டியிருக்கிறது? ஓநாயைக் குதறிய தன் நாய் மொய்னோக்கைப் போய்ப் புத்தகங்களுக்கு நடுவே கம்பளத்தில் உட்கார வைப்பதாம்.

ஆனாலும் நாயோடு பேத்தியையும் கூட்டி வந்துவிட்டார்.

பேத்தி மீரிமுக்கு ஏழு வயது. வசந்தத்திலிருந்து ஒரு சொல் பேசவில்லை. முல்லா ஓதி ஊதியும் பார்த்தாயிற்று, நாரின் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டும் பார்த்தாயிற்று. தாய் எங்கே என்று டாக்டர் கேட்டார். மாஸ்கோவில், ஓட்டலில் தட்டுக் கழுவுகிறாள் என்றார் கிழவர். அப்படியென்றால் ஏக்கம்தான் என்று டாக்டர் முடித்துவிட்டார்.

"பெரியவங்க யாரும் பக்கத்துல இருக்கக் கூடாது தாத்தா. நீங்களும்தான்," என்றாள் புருலாய்.

"ஏம்மா, நாய் என்ன பரீட்சையா வைக்கப்போகுது?"

வெளியே போகிறவர்போலப் போய்க் கதவிடுக்கில் காதை வைத்தார்.

முதலில் நாயின் மூச்சு கேட்டது. பிறகு பக்கம் புரளும் சத்தம். பிறகு, கரகரவென்று, ஒரு குரல்.

கிழவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அவள் புத்தகத்தைப் படிக்கவில்லை.

"மொய்னோக், எங்கம்மா செத்துப்போச்சு. தாத்தாகிட்ட மூச்சு விட்றாத. பாவம், அவருக்குத் தெரியாது. மொத பனிக்கு வந்துருவா, வந்துருவான்னு சொல்லிக்கிட்டே இருக்காரு. வாயத் தொறந்தா எங்க உளறிடுவேனோன்னுதான் நான் பேசறதே இல்ல."

வசந்தத்தில் மாஸ்கோவிலிருந்து சவப்பெட்டி வந்த அன்று, பேத்தியை மலைக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டில் விட்டுவிட்டு வந்து, மகளைத் தன் கையாலேயே மண்ணுக்குள் இறக்கியவர் எசென்குல். பிள்ளை காதில் விழக் கூடாது என்று ஊரையே வாயைக் கட்டச் சொன்னவரும் அவர்தான்.

புருலாய் ஓடிவந்தாள். அவளுக்கும் குரல் கேட்டிருந்தது, சொற்கள் கேட்கவில்லை. கண்ணெல்லாம் நீர்.

"பேசிட்டா தாத்தா, பேசிட்டா! என்ன கதை படிச்சா?"

"ஏதோ ஆட்டுக்குட்டி கதை."

"பாத்தீங்களா? நான் சொன்னப்ப கிண்டல் பண்ணீங்களே! அடுத்த வாரமும் மொய்னோக்கக் கூட்டிட்டு வாங்க."

"நாய்க்கு மந்தையில வேலை கிடக்கு."

பயிற்சியாம், பயிற்சி என்று முனகிக்கொண்டே நாயை இழுத்துக்கொண்டு தெருவில் இறங்கினார். திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மீரிம் ஓடித்தான் அவர் பின்னால் வர வேண்டியிருந்தது.