மகிழினி இறங்கும் இடம்

பள்ளிப் பேருந்து கிளம்பும் நேரம். புதிதாகச் சேர்ந்த மகிழினி எங்கே இறங்க வேண்டும் என்பது மாணவர் எக்செல் கோப்பில் இல்லை. தேடி எடுத்துவரும் வேலை, அந்தக் கோப்புக்குள் இருக்கும் சிறு நிரலான மேக்ரோவுடையது. அது ஓடிப்போய்ப் பேருந்துக் கோப்பைத் திறந்து கேட்டது.

“மகிழினி என்று யாரும் இங்கே இல்லை,” என்றது பேருந்துக் கோப்பு.

மேக்ரோ அங்கேயே நின்று யோசித்தது. புது ஊரில் குழந்தை எங்கே போய் நிற்கும்?

“அண்ணே, பெயருக்குப் பின்னால் தவறுதலாக ஓர் இடைவெளி விழுந்த மகிழினி இருக்கிறாளா?”

“இருக்கிறாளே. குளத்துமேட்டில் இறங்குவாள்.”

“முதலிலேயே சொல்லியிருக்கலாமே?”

“நீ இடைவெளியோடு கேட்கவில்லையே.”

மேக்ரோ ஊர்ப்பெயரை வாங்கிக்கொண்டு ஓடியது. பேருந்தும் கிளம்பியது.

பேருந்துக் கோப்பு பக்கத்துக் கோப்பிடம் சொன்னது: “நான் மட்டும் இல்லையென்றால் அந்தக் குழந்தை தவித்துப் போயிருக்கும்.”