மாதாவின் மகுடம்

“மாதாவுக்கு முடி சூட்டறதுக்கு நம்ம பள்ளிக்கூடத்துல ஒரு மார்மன் பொண்ணுதானா கிடைச்சா?”

லொரெட்டா கோப்பையை மேசையில் வைத்த வேகத்தில் பாதிக் காபி கணவனின் செய்தித்தாளில் கொட்டியது. கார்மைன் ஈரத் தாளை உதறினான்.

“யாரு, ஆல்ரெட் வீட்டுப் பிரின்லியா? நல்ல பொண்ணுதானே. நம்ம ரொசெல்லாவோட உயிர்ச் சினேகிதி வேற.”

“நல்ல பொண்ணுதான். அதான் எரிச்சலா இருக்கு!”

பிரின்லியிடம் குறை சொல்ல ஒன்றுமே இல்லை என்பதுதான் லொரெட்டாவின் பெரிய குறை. கணக்கில் முதல், கூடைப்பந்தில் முதல். போகட்டும் என்று விட்டால், மார்மன் என்ற வேறு சபையில் பிறந்தவள் கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்து வேதபாடத்திலும் அவளே முதல். அவள் அம்மா மார்லீனோ ஆறு பிள்ளை பெற்றும் கல்லூரிப் பெண் மாதிரி இருந்தாள். காலையில் பள்ளி வாசலில் அந்தப் பெரிய வண்டியிலிருந்து ஆறும் தலை கலையாமல், சட்டை கசங்காமல் இறங்கும். ஒற்றைப் பிள்ளையின் காலுறையைத் தேடியே தாமதமாகி ஓடிவரும் லொரெட்டாவுக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரியும். அது பொறாமைதான் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய?

மற்றதை எல்லாம் பொறுத்துக்கொண்டாள். இதை முடியாது. மே மாதத்தில் மாதா சிலைக்குப் பூ மகுடம் வைப்பது எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்திக்குக் கிடைக்கும் பெருமை. லொரெட்டா பிறந்து வளர்ந்த சுரங்க ஊரில் அவள் அம்மா வைத்தாள். பிறகு லொரெட்டா வைத்தாள். இந்த வருஷம் ரொசெல்லாதான் என்று கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு துணி எடுத்து, தானே தைத்த வெள்ளை உடை அலமாரியில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

“ரொசெல்லா என்ன சொல்றா?” என்றான் கார்மைன்.

“‘பிரின்லியே பண்ணட்டும்மா’ன்னு சொல்லிட்டு வெளிய ஓடிட்டா. வாயில்லாப் பூச்சி. அவளுக்காக நான்தான் கேக்கணும்.”

“சிஸ்டரைக் கேட்டியா?”

“கேட்டேனே. ‘பிள்ளைங்களே முடிவு பண்ணிட்டாங்க, நான் தலையிட மாட்டேன்’னுட்டாங்க. பிள்ளைங்களாம்! எல்லாம் அந்த மார்லீன் வேலை. வாராவாரம் ரொட்டி சுட்டு பள்ளிக்கூடம் பூரா குடுத்தா யாருக்குத்தான் மனசு உருகாது?”

“ரொட்டி நல்லாத்தான் இருந்துச்சு,” என்று சொல்லிவிட்டுக் கார்மைன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லொரெட்டா அவனை ஒரு முறை முறைத்துவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

ஆல்ரெட் வீடு அடுத்த தெருவில்தான். கதவைத் திறந்த மார்லீனின் கை முழுக்க மாவு.

“அடடே லொரெட்டா, உள்ள வாங்க! லெமனேட் குடிக்கறீங்களா?”

“ஒண்ணும் வேண்டாம்.” சபைக் கட்டுப்பாட்டால் காபி வாசனையே அறியாத வீட்டில் சண்டை போடக்கூடத் தெம்பு வராது என்று நினைத்துக்கொண்டாள். “நேராவே கேக்கறேன். நீங்க மாதாகிட்ட வேண்டிக்கறதுண்டா?”

“எங்க வழக்கத்துல அது இல்லையே.”

“வீட்டுல ஒரு மாதா படம் இருக்கா?”

“இல்ல.”

“இந்த சால்ட் லேக் ஊரே உங்களோடது. தெருவுக்குத் தெரு உங்க சபை. கவுன்சிலர் உங்க ஆளு. ஞாயித்துக்கிழமை பாதிக் கடை மூடியிருக்கறதும் உங்களாலதான். எங்களுக்குன்னு இருக்கறது ஒரு பிளாஸ்டர் மாதா. அதையும் விட்டுவைக்க மாட்டீங்களா?”

திருப்பிக் கத்துவாள் என்று எதிர்பார்த்தாள். மார்லீனின் கண்தான் நிறைந்தது.

“எனக்கு மட்டும் இது ஆசையா? எங்க மாமியார் என்கூட முகம் குடுத்துப் பேசியே பத்து நாளாச்சு. ‘நல்லாப் படிக்கட்டும்னு அங்க அனுப்பினே, இப்போ பேத்தி கத்தோலிக்கா மாறப்போறா’ன்னு ஒரே அழுகை. நானும் ராத்திரியெல்லாம் அதே பயத்துலதான் புரண்டு புரண்டு படுக்கறேன். சிஸ்டர்கிட்ட போயி வேண்டாம்னுகூட சொல்லிப் பார்த்துட்டேன்.”

“அப்புறம் என்ன? உங்க பொண்ணை விலகச் சொல்ல வேண்டியதுதானே!”

“கேட்டாத்தானே? சினேகிதிக்கு வாக்குக் குடுத்துட்டாளாம்.”

“எந்தச் சினேகிதிக்கு?”

மார்லீன் அவளை வியப்பாகப் பார்த்தாள். “ரொசெல்லாவுக்குத்தான். வகுப்புல எல்லாரும் கை தூக்கினது உங்க பொண்ணுக்குங்க. அவதான் ‘எனக்கு வேண்டாம், பிரின்லி செய்யட்டும்’னு கெஞ்சியிருக்கா. உங்களுக்குத் தெரியாதா?”

லொரெட்டாவின் நெஞ்சு பெருமையில் பொங்கியது. எல்லாருமா! பிரின்லி படிக்கும் அதே வகுப்பில், தன் பெண்ணுக்கு! இத்தனை வருஷத்து எரிச்சல் ஒரே நொடியில் தணிந்துவிட்டது. மார்லீனின் மாவுக்கையைப் பிடித்துக் குலுக்கலாம் போல இருந்தது.

“பைத்தியக்காரி! கைக்கு வந்ததை யாராவது விட்டுக்குடுப்பாங்களா? எதுக்காம்?”

மார்லீன் சமையல் ஏப்ரனில் கையை மெல்லத் துடைத்தாள்.

“உங்ககிட்ட சொல்லியிருப்பான்னு நெனச்சேன். ‘முதல்ல அம்மாகிட்ட சொல்லு’ன்னு நானும் எத்தனையோ தடவை சொல்லிட்டேன்...”

“எதைச் சொல்லணும்?”

“மகுடம் வைக்கறது இனிமே தனக்குப் பொருந்தாதாம். எங்க சபையில ஞானஸ்நானம் வேணும்னு ஈஸ்டர்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கா, லொரெட்டா. பெத்தவங்க சம்மதம் இல்லாம முடியாதுன்னு நாங்கதான் நிறுத்தி வெச்சிருக்கோம்.”