ஃப்ளாப்பியில் கடைசிப் பந்தி

திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்ததும் தம்பிதுரை நாற்காலி நுனிக்கு நகர்ந்தான்.

எதிரே சோமனூர் விசைத்தறிச் சங்கத் தலைவர் மயில்சாமி, கையில் காப்பி டம்ளரோடு. அவர் தலையசைத்தால் சங்கத்துத் தறி ஆபீஸ் அத்தனையிலும் தம்பிதுரை தயாரித்த லினக்ஸ் இயங்குதளம் ஏறும். அசைக்காவிட்டால், மில் வேலையை விட்டுப்போட்டு வந்தவன் திரும்ப அதே கேட்டில் போய்க் கும்பிடு போட வேண்டும்.

எல்லாம் ஒரே ஃப்ளாப்பியில் அடங்க வேண்டும். அதுதான் வினை.

கம்ப்யூட்டரில் மாட்டுகிற ஒவ்வொரு சாமானையும் அடையாளம் காண மாட்யூல் என்கிற ஒரு குட்டி நிரல் வேண்டும். எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று முடிவு செய்ய வேண்டியவன் தம்பிதுரை.

முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வராத கொங்கு நாட்டுக்காரனை நம்பி ஒப்படைக்கிற வேலையா இது?

ஓட்டிப் பார்க்க முன்வந்த சிநேகிதர்களில் சஹீர் தன் சவுண்டு கார்டைக் கேட்டான். சேர்த்தாச்சு. அம்புஜம் அக்கா ஸ்கேனரைக் கேட்டார். அதையும் சேர்த்தாச்சு. கதிரேசன், தன் மச்சினன் விளையாடுகிற ஜாய்ஸ்டிக்கைக் கேட்டான்.

தறி ஆபீஸுக்கு ஜாய்ஸ்டிக் எதுக்குடா என்று தொண்டை வரை வந்தது. "அதுக்கென்னங்க, போட்டுறலாமுங்க" என்றுதான் வாய் சொன்னது.

ஃப்ளாப்பி பிதுங்கிவிட்டது. ஒன்றை எடுத்தே ஆக வேண்டும். யார் முகத்தை முறிப்பது? விருந்தாளி நிற்க, வீட்டுக்காரன் முதல் பந்தியில் உட்காருவானா?

ஒன்றே ஒன்றை எடுத்துப்போட்டான். அம்புஜம் அக்காவின் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தான். ஜோராக ஓடியது.

இன்றைக்கும் அதையே இரவல் கேட்டிருக்கலாம். பாவம், அக்காவைச் சங்கடப்படுத்துவானேன் என்று தன்னுடையதை ஆட்டோவில் ஏற்றி வந்துவிட்டான்.

சவுண்டு கார்டு தயார் என்றது திரை. ஸ்கேனர் தயார். அங்கே மாட்டியே இராத ஜாய்ஸ்டிக்குக்கும் தயார்.

ஹார்டு டிஸ்க்கை மட்டும் காணோம் என்று சொல்லி, அப்படியே நின்றுவிட்டது.

அவன் எடுத்துப்போட்டது அதற்கான மாட்யூலைத்தான். அவனுடைய ஹார்டு டிஸ்க் தனி ரகம், மற்றவர்கள் யாரிடமும் கிடையாது. நம்முளுதுதானே, பொறவு பாத்துக்கலாம் என்று விட்டிருந்தான்.

மயில்சாமி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். முகத்தில் ஒரு சுளிப்பு கிடையாது.

"அருமைங்க தம்பி. நாலு பேரைக் கலந்துக்கிட்டுச் சொல்லி உடறனுங்க."

அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அட, முடியாது என்பதை எவ்வளவு பதமாகச் சொல்கிறார் மனுஷன்! கதிரேசனிடம் இதையே சொல்லத் தோணாமல் போச்சே என்று தம்பிதுரைக்கு அழுகை முட்டியது.