பக்கத்து நாற்காலிக்காரி

ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேறினால்தான் வெளிநாட்டு விற்பனைப் பிரிவுக்கு மாற்றம் கிடைக்கும். இரண்டு முறை கோட்டை விட்ட கணக்குப் பிரிவுக்காரி, பூட்டிய தேர்வறை வாசலில் படபடப்போடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்து நாற்காலிப் பெண்ணோ கைக்குட்டையை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

"முதல் தடவையாங்க?"

"ஆமாங்க. உளறிக் கொட்டிடுவேனோன்னு பயமா இருக்கு."

கணக்குக்காரிக்குத் தன் பயம் மறந்தே போயிற்று. "உளறினா உளறுங்க, நிறுத்த மட்டும் செய்யாதீங்க. இப்பவே பேசிப் பார்ப்போம். நான் விக்கிறவ. சரக்கு சரியில்லைன்னு என்கிட்ட சண்டைக்கு வாங்க!"

அந்தப் பெண் ஆங்கிலத்தில் மெதுவாக ஆரம்பித்துச் சூடாகவே சண்டை போட்டாள். இவள் விடாமல் ஈடுகொடுத்து, சமாதானம் பேசி, கடைசியில் அவளைச் சிரிக்கவே வைத்துவிட்டாள்.

ஊழியர் வந்து கதவைத் திறந்ததும் அந்தப் பெண் எழுந்தாள்.

"தைரியமா போங்க!" என்று இவள் வழியனுப்பினாள்.

சற்று நேரத்தில் இவளைக் கூப்பிட்டார்கள். உள்ளே போனவள் அப்படியே நின்றாள். மேசைக்கு அந்தப் பக்கம், மதிப்பெண் தாளோடு அந்தப் பக்கத்து நாற்காலிப் பெண்ணே உட்கார்ந்திருந்தாள்.

"நான் தேர்வு வைக்கிறது இதுதாங்க முதல் தடவை. என் பயம் உங்களாலதான் போச்சு. ஆனா வெளியே பேசினதுக்கு மார்க் கிடையாது. புதுசா ஒரு சண்டை போடலாமா?"

"ஒரு கை பார்த்துடலாம், மேடம்!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள் கணக்குக்காரி.